200 ஜிபியில 8% தான் நிறைஞ்சிருக்கு, ஆனா 'இடமில்லை'ங்குது: எடைமேடை சர்வர், எக்ஸ்ட்4

காவேரிப்பட்டணம்_எடை
செவ்வாய், காலை 9.40

மாங்கூழ் ஃபேக்டரி எடைமேடை. உபுண்டு சர்வர், டேட்டாவுக்குத் தனியா 200 ஜிபி பார்ட்டிஷன், ஃபைல் சிஸ்டம் (டிஸ்க்ல ஃபைலை அடுக்கி வைக்கிற முறை) எக்ஸ்ட்4. ஒரு லாரிக்கு லோடு எடை, காலி எடைன்னு ரெண்டு தடவை. தடவைக்கு 4 கேமரா படம், அதுக்கு 4 தம்ப்நெயில், ஒரு எடைச்சீட்டு டெக்ஸ்ட் ஃபைல். ஆக லாரிக்கு 18 ஃபைல், ஒரு ஃபோல்டர். படம் சராசரி 150 கேபி, தம்ப்நெயில் 6 கேபி, சீட்டு 400 பைட். பெங்களூரா மாம்பழ வரத்து உச்சத்துல இருக்கு, ஒரு நாளைக்கு 250 லாரி.

காலையிலேர்ந்து ஒரு படமும் சேமிக்க மாட்டேங்குது. லாக்ல 'நோ ஸ்பேஸ் லெஃப்ட் ஆன் டிவைஸ்'. டிஸ்க்ல எவ்வளவு இடம்னு காட்டுற டிஎஃப் மைனஸ் ஹெச் போட்டா 8% யூஸ்டுன்னு காட்டுது. டிஸ்க் போயிடுச்சா? சீட்டைக் கையால எழுதிக் குடுத்துட்டிருக்காங்க, லாரி வரிசை ரோடு வரைக்கும் நிக்குது.

பர்கூர்_ஹார்டுவேர்
செவ்வாய், காலை 9.52

டிஸ்க்கோட உடல்நிலையைச் சொல்ற ஸ்மார்ட் ரிப்போர்ட் எடுத்துப் பாருங்க. ரீஅலொக்கேட்டட் செக்டார் (பழுதாகி மாத்தி வெச்ச இடம்) ஏறியிருந்தா டிஸ்க்கை மாத்திடுங்க. இல்லன்னா எக்ஸ்ட்4ல ரூட்டுக்குன்னு (சர்வரோட முழு அதிகார யூசர்) 5% ஒதுக்கி வெச்சிருப்பான், 200 ஜிபிக்கு 10 ஜிபி. ஃபைல் சிஸ்டம் அமைப்பை மாத்துற டியூன்2எஃப்எஸ் மைனஸ் எம் 1 குடுத்து அதை 1% ஆக்கினா 8 ஜிபி திரும்பி வரும்.

ஓசூர்_ரூட்
செவ்வாய், காலை 10.05

ரெண்டும் இல்ல. டிஸ்க் பழுதுன்னா 'இன்புட் அவுட்புட் எரர்' வந்திருக்கும், இந்த எரர் வராது. 5% ஒதுக்கீடு 92% காலியா இருக்கிறப்ப குறுக்கே வராது.

டிஎஃப் மைனஸ் ஐ போட்டு அப்படியே இங்க ஒட்டுங்க. அதுக்கு முன்னாடி ஒரு சின்னச் சோதனை: பழைய எடைச்சீட்டு ஒண்ணைக் காப்பி எடுக்காம அதுலயே எக்கோவால ஒரு வரி சேருங்க. அடுத்து டச் கட்டளையால புதுசா ஒரு ஃபைல் உண்டாக்குங்க. முதல்ல சொன்னது நடந்து ரெண்டாவது நடக்கலன்னா தீர்ந்து போனது பிளாக் (உள்ளடக்கம் வைக்கிற இடம்) இல்ல, ஐநோடு (ஃபைலோட விவரம் எழுதி வைக்கிற இடம்).

காவேரிப்பட்டணம்_எடை
செவ்வாய், காலை 10.11

வரி சேருது. டச் ஆகலை. டிஎஃப் மைனஸ் ஐ: ஐநோட்ஸ் 204800, ஐயூஸ்டு 204800, ஐஃப்ரீ 0, 100%.

ஓசூர்_ரூட்
செவ்வாய், காலை 10.30

அப்ப நோய் தெரிஞ்சுது. 200 ஜிபிக்கு 2,04,800ங்கிறது சரியா 1 எம்பிக்கு ஒரு ஐநோடு. இந்த பார்ட்டிஷனை யாரோ எம்கேஎஃப்எஸ் மைனஸ் கேப்பிடல் டி லார்ஜ்ஃபைல்னு, அதாவது பெரிய ஃபைலுக்குன்னு, ஃபார்மேட் பண்ணியிருக்காங்க. வீடியோ பேக்கப்புக்குன்னு செஞ்சது, பிறகு எடைமேடைக்குத் திருப்பி விட்டிருக்கணும்.

ஒரு ஃபைலை டிஸ்க்ல வைக்க ரெண்டு சரக்கு வேணும். உள்ளடக்கத்துக்கு பிளாக், 4 கேபி ஒண்ணு. அந்த ஃபைல் யாரோடது, எவ்வளவு நீளம், எந்தெந்த பிளாக்குல இருக்குன்னு எழுதி வைக்க ஐநோடு, 256 பைட். எக்ஸ்ட்4ல ஐநோடு எத்தனைங்கிறது ஃபார்மேட் பண்ற நிமிஷத்துலயே முடிவாகிடும். டிஸ்க்கை 128 எம்பி 128 எம்பியா பிளாக் குரூப்பாப் பிரிச்சு, ஒவ்வொரு குரூப்லயும் ஐநோடு டேபிளுக்கு இடம் போட்டுடும். உங்களுக்கு 1600 குரூப், குரூப்புக்கு 128 ஐநோடு. அதுக்கு மேல ஒண்ணு கூடக் கிடையாது. பிளாக் தீர்ந்தாலும் ஐநோடு தீர்ந்தாலும் கெர்னல் திருப்பித் தர்றது ஒரே எரர் நம்பர் 28தான். அதனாலதான் ஆளுங்க டிஸ்க்கை மாத்தக் கிளம்பிடறாங்க.

உங்க கணக்கு: லாரிக்கு 18 ஃபைல், ஃபோல்டருக்கு ஒண்ணு, ஆக 19. 250 லாரிக்கு 4750. 2,04,800ஐ வகுத்தா 43 நாள். வரத்து கூடினது எப்பன்னு எண்ணிப் பாருங்க, சரியா இருக்கும். அதே 43 நாளுக்கு பிளாக் செலவு சுமார் 13.2 ஜிபிதான்.

பிளாக்குக்கு ரூட் ஒதுக்கீடு உண்டு, ஐநோடுக்குக் கிடையாது. அதனால ரூட் அதிகாரம் தர்ற சூடோ போட்டாலும் புது ஃபைல் உண்டாகாது.

காவேரிப்பட்டணம்_எடை
செவ்வாய், காலை 10.38

வரத்து ஏறி ஆறு வாரம் ஆகுது அண்ணா. இப்ப லாரி நகரணும். படத்தை அழிக்க முடியாது, ஆடிட்டுக்கு ஒரு வருஷம் வைக்கணும்.

ஓசூர்_ரூட்
செவ்வாய், காலை 10.55

அழிக்க வேணாம், பழைய நாளை எல்லாம் ஒரே ஃபைலாக் கட்டுங்க. நாளுக்கு ஒரு டார் (பல ஃபைலை ஒண்ணாக் கட்டுற லினக்ஸ் மூட்டை). 4750 ஐநோடு போன இடத்துல ஒண்ணு போதும்.

இதுல ஒரு சிக்கல். டார் ஃபைலும் ஒரு ஃபைல்தானே, அதே பார்ட்டிஷன்ல உண்டாக்க ஐநோடு இல்ல. முதல் நாளோடதை மட்டும் ஹோம் பார்ட்டிஷன்ல எழுதுங்க. அப்புறம் டார் மைனஸ் டிஎஃப் குடுத்து ஒப்பிடுங்க. அது டாருக்குள்ள இருக்கிறதையும் டிஸ்க்ல இருக்கிறதையும் உள்ளடக்கம், அளவு, தேதி வரைக்கும் பார்க்கும், ஒண்ணும் சொல்லாம முடிஞ்சாதான் சரி. பிறகு அந்த நாளோட ஃபோல்டரை அழிங்க. 4750 ஐநோடு கைக்கு வந்துடும், அடுத்த நாளிலிருந்து டேட்டா பார்ட்டிஷன்லயே கட்டலாம். ஒரு நாள் முடிஞ்சு ஒப்பிட்டு அழிச்சப்புறம்தான் அடுத்த நாள். லூப் எழுதறேன்னு எல்லாத்தையும் ஒரே மூச்சுல செஞ்சீங்கன்னா நடுவுல ஒரு டார் அரைகுறையா நின்னாலும் தெரியாது.

ஜிஜிப்பால சுருக்க வேணாம். ஜேபெக் ஏற்கனவே சுருங்கினது, சிபியுதான் வீணாகும். இடமும் பெருசா மிச்சமாகாது. டார் 512 பைட் கட்டமா அடுக்குது, அதனால நாளைக்கு 315 எம்பி இருந்தது 307 ஆகும். நமக்கு வேண்டியது ஐநோடு.

அழிக்கிறப்ப ஒரே ஃபோல்டர்ல லட்சக்கணக்குல ஃபைல் இருந்தா ஆர்எம் ஸ்டார் 'ஆர்க்யுமென்ட் லிஸ்ட் டூ லாங்'னு முறைக்கும். ஃபைண்ட் மைனஸ் டெலீட் போடுங்க.

பர்கூர்_ஹார்டுவேர்
செவ்வாய், காலை 11.02

நான் சொன்னது தப்புதான். ஒரு சந்தேகம்: டியூன்2எஃப்எஸ்லயே ஐநோடு எண்ணிக்கையைக் கூட்ட வழி இல்லையா?

பாலக்கோடு_பிளாக்
செவ்வாய், காலை 11.20

இல்ல. டியூன்2எஃப்எஸ் ஐநோடோட சைஸை மாத்தும், எண்ணிக்கையைத் தொடாது. கூடணும்னா ரீசைஸ்2எஃப்எஸ்ஸால பார்ட்டிஷனைப் பெருசாக்கணும். புதுசா சேர்ற குரூப்பும் அதே 128 ஐநோடோடதான் வரும். 100 ஜிபி சேர்த்தா 1,02,400 கிடைக்கும், அதாவது இன்னும் 21 நாள். காலி டிஸ்க்கோட காலி டிஸ்க்கைச் சேர்க்கிற வேலை.

நிரந்தரமா சரிபண்ண மறுபடி ஃபார்மேட் பண்ணணும். வழக்கமான அளவு 16 கேபிக்கு ஒரு ஐநோடு. 200 ஜிபிக்கு 1,31,07,200 வரும், ஐநோடு டேபிள் மட்டும் 3 ஜிபிக்குக் கொஞ்சம் மேல சாப்பிடும். உங்க ஃபைல் சராசரி 68 கேபி, அதனால மைனஸ் ஐ 32768 (32 கேபிக்கு ஒரு ஐநோடு) போதும்: 65 லட்சம் ஐநோடு, டேபிள் 1.6 ஜிபி. சராசரி ஃபைல் அளவுல பாதிக்கு ஒண்ணுன்னு வெச்சுக்கிறது என் கணக்கு. டிஸ்க் நிறையறதுக்கு முன்னாடி ஐநோடு தீராது.

அரூர்_மாணவி
செவ்வாய், மதியம் 1.15

செமஸ்டர்ல ஃபைல் அலொக்கேஷன் மூணு முறை, கன்டிஜியஸ், லிங்க்டு, இன்டெக்ஸ்டுன்னு படிச்சிருக்கோம். இந்த எடைமேடைப் படம் எக்ஸ்ட்4ல இதுல எந்த வகையில சேரும்? புத்தகத்துல இருக்கிற 12 டைரக்ட், ஒரு சிங்கிள் இன்டைரக்ட் படம் இதுக்கும் பொருந்துமா சார்?

பாலக்கோடு_பிளாக்
செவ்வாய், மதியம் 2.05

நல்ல கேள்விம்மா. இதே 150 கேபி படத்தை வெச்சே பார்ப்போம். 4 கேபி பிளாக்குன்னா 38 பிளாக்.

கன்டிஜியஸ்னா 38ம் அடுத்தடுத்து. டைரக்டரியில 'ஆரம்பம், நீளம்'னு ரெண்டு எண் போதும். படிக்க இதைவிட வேகமானது இல்ல. ஆனா நடுநடுவுல அழிச்சுட்டே வந்தா ஓட்டை ஓட்டையாக் காலி விழும், மொத்தத்துல இடம் இருந்தும் 38 தொடர்ச்சியாக் கிடைக்காது. அதோட ஃபைல் வளரவும் முடியாது, பக்கத்து பிளாக்குல வேற ஆள் இருப்பான். ஒரு தடவை எழுதினா மாறவே மாறாத சிடிக்கு இது பொருந்துது, ஐஎஸ்ஓ 9660 அப்படித்தான்.

லிங்க்டுல ஒவ்வொரு பிளாக்கும் அடுத்ததோட எண்ணைத் தன்கிட்டயே வெச்சிருக்கும். ஓட்டை பிரச்சனை போச்சு. ஆனா 1 ஜிபி வீடியோவை 32 கேபி கட்டமா வெச்சு, கடைசிக் காட்சிக்குத் தாவணும்னு வெச்சுக்கோ. 32,768 கட்டத்தையும் ஒவ்வொண்ணாத் தொட்டுத்தான் போகணும். சுத்துற டிஸ்க்ல ஒரு தாவலுக்கு 10 மில்லிசெகண்ட்னா அஞ்சரை நிமிஷம். ஃபேட் (பழைய விண்டோஸ் ஃபைல் சிஸ்டம்) இதைத்தான் புத்திசாலித்தனமா மாத்துச்சு: அந்த எண்களை எல்லாம் பிளாக்குலேர்ந்து எடுத்து ஒரே டேபிள்ல வெச்சுது. அதே தாவலுக்கு இப்ப 32,768 × 4 பைட், 128 கேபி டேபிளைப் படிச்சா போதும். சங்கிலி அப்படியேதான் இருக்கு, பின்னாடி போகணும்னா மறுபடி முதல்லேர்ந்துதான்.

இன்டெக்ஸ்டுதான் நீ சொன்ன 12 டைரக்ட். எக்ஸ்ட்2, எக்ஸ்ட்3 அப்படி. நம்ம படத்துக்கு முதல் 12 பிளாக் எண் ஐநோடுக்குள்ளயே, மிச்சம் 26க்குத் தனியா ஒரு 4 கேபி இன்டைரக்ட் பிளாக். அதுல 1024 எண் பிடிக்கும், 26தான் போட்டிருப்போம். 48 கேபியைத் தாண்டின ஒவ்வொரு படத்துக்கும் இப்படி ஒரு பிளாக் தண்டம். இன்டைரக்டுக்குள்ள இன்டைரக்ட்னு டபிள் வரைக்கும் போனா 4 ஜிபி, ட்ரிபிள் வரைக்கும் போனா 4 டிபி சொச்சம்.

எக்ஸ்ட்4 இதுல இல்லம்மா. 2008 கடைசியில 2.6.28 கெர்னலோட நிலையான பதிப்பா வந்தப்பவே எக்ஸ்டென்ட்டுக்கு (தொடர்ச்சியான பிளாக் துண்டு) மாறிடுச்சு. '5,24,300லேர்ந்து 38 பிளாக்'னு ஒரே வரி, 12 பைட். முன்ன இருந்த 60 பைட் இடத்துல 12 தலைப்புக்கு, மிச்சத்துல நாலு எக்ஸ்டென்ட். ஒரு எக்ஸ்டென்ட் அதிகபட்சம் 32,768 பிளாக், 128 எம்பி. ஆக கன்டிஜியஸோட வேகமும் இன்டெக்ஸோட வளையுற தன்மையும் கலந்தது. அஞ்சாவது துண்டு வந்தாதான் வெளியில ஒரு பிளாக் எடுத்து மரமாக் கட்டும், அந்த பிளாக்குல 340 பிடிக்கும். ஃபைல்ஃப்ராக் மைனஸ் வி குடுத்து எந்தப் படத்தை வேணும்னாலும் பாரு, பெரும்பாலும் '1 எக்ஸ்டென்ட்'னுதான் வரும்.

பரீட்சையில மூணு வகைன்னே எழுது. மார்க் அங்கதான் இருக்கு.

அரூர்_மாணவி
செவ்வாய், மதியம் 2.20

காலி பிளாக் எதுன்னு எப்படிக் கண்டுபிடிக்குது? பிட்மேப்னா பெரிய டிஸ்க்குக்கு அதுவே பெருசா ஆகிடாதா?

ஓசூர்_ரூட்
செவ்வாய், மதியம் 2.31

பிளாக்குக்கு ஒரு பிட். 1 டிபிக்கு 4 கேபி வீதம் 26.8 கோடி பிளாக், பிட்மேப் 32 எம்பி. ஒண்ணுமே இல்ல. எக்ஸ்ட்4 குரூப் ஏன் 128 எம்பின்னா, ஒரு 4 கேபி பிட்மேப் பிளாக்குல 32,768 பிட்தான் இருக்கு, அதனாலதான்.

மொரப்பூர்_கேமரா
செவ்வாய், மாலை 5.10

இழையைக் கொஞ்சம் திருப்பறேன். சிசிடிவி ரெக்கார்டர்ல இந்தத் தொல்லையே வராது, ஏன்னா அலொக்கேஷனே நடக்காது. பல ரெக்கார்டர் டிஸ்க்கை இனிஷியலைஸ் பண்றப்பவே முழுசையும் ஒரே அளவு கட்டங்களா வெட்டிடும். பிறகு முதல் கட்டத்துலேர்ந்து கடைசி வரைக்கும் எழுதி, மறுபடி முதல் கட்டத்து மேலயே எழுதும். 16 கேமரா, ஆளுக்கு 2 மெகாபிட்னா செகண்டுக்கு 4 எம்பி, நாளைக்கு 345 ஜிபி. 4 டிபி டிஸ்க் பதினோரு நாளைக்குச் சொச்சம் சுத்தும். எப்ப பார்த்தாலும் 100% நிறைஞ்சுதான் இருக்கும், பழுதுன்னு நினைச்சு அதை ஃபார்மேட் பண்ணிடாதீங்க.

சாதா லினக்ஸ் பெட்டியில ரெக்கார்ட் பண்றவங்க எஃப்அலொக்கேட் மைனஸ் எல் 256எம் குடுத்து முதல்லயே இடம் பிடிச்சுக்கலாம். 16 கேமராவும் ஒரே சமயத்துல கொஞ்சம் கொஞ்சமா வளர்ற ஃபைல் எழுதினா துண்டுகள் ஒண்ணுக்குள்ள ஒண்ணு பின்னிக்கும். ட்ரங்கேட் கட்டளை அதுக்கு மாற்று இல்ல. அது நீளத்தை மட்டும் எழுதும், பிளாக் எடுக்காது. எல்எஸ் 256 எம்பின்னு காட்டும், உண்மையில பிடிச்ச இடத்தைச் சொல்ற டியூ 0ன்னு காட்டும். எழுத எழுதத்தான் பிளாக் போகும், பாதியில டிஸ்க் நிறைஞ்சா அங்கயே நின்னுடும்.

காவேரிப்பட்டணம்_எடை
செவ்வாய், இரவு 8.45

35 நாளைக் கட்டி ஒப்பிட்டு அழிச்சாச்சு. ஐயூஸ்டு 38 ஆயிரம் சொச்சம், 19%. லாரி நகருது. ஞாயித்துக்கிழமை மறுபடி ஃபார்மேட் பண்றதா இருக்கேன். டேட்டாவை 64 ஜிபி பென்டிரைவுல காப்பி எடுத்து வெச்சுட்டு திருப்பிப் போட்டா போதுமா? இன்னொண்ணு: கரண்ட் போய் வந்தா கடைசி லாரியோட படம் 0 பைட்டா இருக்கு. அதுவும் ஐநோடுதானா?

பாலக்கோடு_பிளாக்
செவ்வாய், இரவு 9.30

பென்டிரைவுல ஃபோல்டரை அப்படியே காப்பி பண்ணாதீங்க. 64 ஜிபின்னா எக்ஸ்ஃபேட்டா இருக்கும், விண்டோஸ் அதுக்குப் போடுற கிளஸ்டர் (இடம் ஒதுக்குற குறைஞ்சபட்சக் கட்டம்) 128 கேபி. 400 பைட் சீட்டுக்கும் 128 கேபி, 6 கேபி தம்ப்நெயிலுக்கும் 128 கேபி, 150 கேபி படத்துக்கு ரெண்டு கிளஸ்டர் 256. ஒரு லாரி இங்க 1292 கேபி, அங்க 3456 கேபி. நாளைக்கு 315 எம்பி இருந்தது 844 எம்பி ஆகிடும். ஓனர், பெர்மிஷன் எல்லாமும் போயிடும். மிச்சம் இருக்கிற நாட்களையும் டாராக் கட்டிக் கொண்டு போங்க. பழைய ஃபேட்32 பென்டிரைவுன்னா ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தாண்டாது, நாள் வாரியா 307 எம்பிங்கிறதால உங்களுக்கு அந்த இடி இல்ல. எல்லாத்தையும் சேர்த்து ஒரே டாராக் கட்டினா பதிமூணாவது நாளைத் தாண்டினதும் நின்னுடும்.

ஃபார்மேட் பண்றப்ப: சர்வீஸை நிறுத்தி அன்மவுன்ட் பண்ணுங்க. 'டார்கெட் இஸ் பிஸி'ன்னா எல்எஸ்ஓஎஃப்ல யார் பிடிச்சிருக்காங்கன்னு பாருங்க. பிளாக்ஐடி போட்டு பழைய யூயூஐடியை (பார்ட்டிஷனோட அடையாள எண்) எழுதி வெச்சுக்கோங்க. எம்கேஎஃப்எஸ்ல மைனஸ் ஐ 32768, மைனஸ் எம் 1, மைனஸ் கேப்பிடல் யூவோட அந்தப் பழைய யூயூஐடி. இந்தக் கடைசியை விட்டா எஃப்எஸ்டேப்ல (பூட்ல எதை மவுன்ட் பண்ணணும்ங்கிற பட்டியல்) இருக்கிறது பொருந்தாம பூட் எமர்ஜென்ஸி மோடுல போய் உட்கார்ந்துக்கும், திங்கக்கிழமை காலையில மறுபடி கைச்சீட்டு. எஃப்எஸ்டேப் வரியில நோஃபெயில் சேர்த்து வைங்க, மவுன்ட் ஆகலன்னாலும் பூட் நிக்காது.

ஓசூர்_ரூட்
செவ்வாய், இரவு 9.48

0 பைட் படம் வேற கதை. எக்ஸ்ட்4 எழுதினவுடனே பிளாக் ஒதுக்காது. கொஞ்ச நேரம் மெமரியில வெச்சிருந்து, மொத்த அளவு தெரிஞ்சப்புறம் ஒரே துண்டா ஒதுக்கும். உங்க படம் எல்லாம் ஒரே எக்ஸ்டென்ட்ல உட்கார்றது அதனாலதான். விலை என்னன்னா, ஃபைல் பேர் ஜர்னல்ல (மாற்றங்களைக் குறிச்சு வைக்கிற ஏடு) 5 செகண்டுக்கு ஒரு தடவை பதிவாகிடும், உள்ளடக்கம் டிஸ்க்குக்குப் போக 30 செகண்ட் வரைக்கும் ஆகலாம். நடுவுல கரண்ட் போனா பேர் இருக்கும், உள்ள ஒண்ணும் இருக்காது.

சாஃப்ட்வேர் குடுத்தவர்கிட்ட சொல்லுங்க: தற்காலிகப் பேர்ல எழுதி, உடனே டிஸ்க்குக்கு எழுத வைக்கிற எஃப்சிங்க் கூப்பிட்டு, அப்புறம் சரியான பேருக்கு மாத்தணும். 18 ஃபைலுக்கும் வேணாம், 8 படத்துக்கும் 2 சீட்டுக்கும் போதும். தம்ப்நெயிலைத் திருப்பி உண்டாக்கிக்கலாம். அதுவரைக்கும் சர்வரை ஜெனரேட்டரை நம்பி விடாம யூபிஎஸ்ல வைங்க, ஜெனரேட்டர் ஏறுற அந்தப் பத்து செகண்ட்தான் படத்தைத் தின்னுது.

பர்கூர்_ஹார்டுவேர்
புதன், காலை 8.20

ஃபார்மேட்தான் பண்றோம்னா எக்ஸ்எஃப்எஸ்ங்கிற இன்னொரு ஃபைல் சிஸ்டம் போட்டுடலாமே? ஐநோடு தொல்லையே இல்ல.

பாலக்கோடு_பிளாக்
புதன், காலை 9.05

போடலாம். எக்ஸ்எஃப்எஸ் ஐநோடை 64 64ஆ தேவைப்படுறப்ப உண்டாக்கும். 1 டிபிக்குக் கீழ டிஸ்க்ல 25% வரைக்கும் ஐநோடுக்குப் போகலாம்னு உச்சவரம்பு, அது இவருக்கு எப்பவும் வராது. விண்டோஸோட என்டிஎஃப்எஸ்ஸும் அப்படித்தான், எம்எஃப்டி (அதோட ஃபைல் விவரப் பட்டியல்) வளரும். அதுல 400 பைட் சீட்டு 1 கேபி எம்எஃப்டி ரெக்கார்டுக்குள்ளயே அடங்கிடும், தனி கிளஸ்டரே கேட்காது.

ஆனா எக்ஸ்எஃப்எஸ்ஸைப் பெருசாக்கலாம், நடைமுறையில சின்னதாக்க முடியாது. நாளைக்கு இந்த 200 ஜிபியிலேர்ந்து 50ஐ டேட்டாபேஸுக்குப் பிரிக்கணும்னா மறுபடி பேக்கப், மறுபடி ஃபார்மேட். எக்ஸ்ட்4ல அன்மவுன்ட் பண்ணிட்டு ரீசைஸ்2எஃப்எஸ்ஸாலக் குறைக்கலாம். இவருக்கு எக்ஸ்ட்4, 32768 போதும்ங்கிறது என் கட்சி.

காவேரிப்பட்டணம்_எடை
ஞாயிறு, மாலை 6.10

எக்ஸ்ட்4தான் போட்டேன். டிஎஃப் மைனஸ் ஐ: 65,53,600. அதே யூயூஐடி குடுத்ததால பூட் சுத்தமா வந்துச்சு. தினம் ராத்திரி 11 மணிக்கு க்ரான்ல (நேரம் வெச்சு கட்டளையை ஓட்டுறது) டிஎஃப் மைனஸ் ஐ ஓடி, 80% தாண்டினா மெயில் வர்ற மாதிரி வெச்சிருக்கேன்.

ஒரே ஒரு இடறல். சர்வீஸை நிறுத்துறதுக்கு முன்னாடி பழைய 3 ஜிபி லாக்கை அழிச்சேன், டிஎஃப்ல இடம் திரும்பவே இல்ல. டியூல குறைஞ்சு காட்டுச்சு.

ஓசூர்_ரூட்
ஞாயிறு, மாலை 6.25

அந்த லாக்கை சர்வீஸ் திறந்து வெச்சிருந்திருக்கு. பேர் போச்சு, ஐநோடும் பிளாக்கும் போகல. டியூ பேரை வெச்சு எண்ணும், டிஎஃப் பிளாக்கை எண்ணும், அதான் கணக்கு இடிக்குது. எல்எஸ்ஓஎஃப் ப்ளஸ் எல்1 போட்டா 'டெலீட்டட்'னு காட்டும். சர்வீஸை ரீஸ்டார்ட் பண்ணினா விட்டுடும். அடுத்த தடவை அழிக்காதீங்க, ட்ரங்கேட் மைனஸ் எஸ் 0 குடுத்துக் காலி பண்ணுங்க. லாக்கைச் சுழற்சியா மாத்துற லாக்ரொட்டேட் வெச்சா, காப்பி எடுத்துட்டுக் காலி பண்ற காப்பிட்ரங்கேட் போட்டு வைங்க.